சோறும் தந்தார், விஷமும் தந்தார்

நம்மைச் சுற்றி இருக்கும் காற்றில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன் என்ற வாயு. கணக்காகச் சொன்னால் நூற்றுக்கு 78 பங்கு. ஒவ்வொரு மூச்சிலும் அதை உள்ளே இழுக்கிறோம். இழுத்தது இழுத்தபடியே வெளியே போய் விடுகிறது. உடம்பு அதைத் தொடுவதே இல்லை.

ஆனால் நைட்ரஜன் இல்லாமல் உடம்பு இல்லை. சதை, ரத்தம், தோல், தலைமுடி எல்லாவற்றிலும் அது இருக்கிறது. பருப்பு, பால், மீன், முட்டை இவற்றில் இருந்து நமக்கு அது கிடைக்கிறது. பயிருக்கு எங்கிருந்து கிடைக்கிறது? மண்ணில் இருந்து. மண்ணில் அந்தச் சத்துக் குறைந்தால் பயிர் வெளுத்து, மஞ்சளாகி, சோடை போய் விடும்.

வயலுக்கு மேலே மலை மலையாக நைட்ரஜன் நிற்கிறது. கீழே பயிர் நைட்ரஜன் இல்லாமல் வாடுகிறது. சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதைதான்!

இதற்கு வழி கண்டவர் ஜெர்மனி தேசத்து ரசாயன விஞ்ஞானி ஒருவர். அவர் பெயர் பிரிட்ஸ் ஹாபர். இன்று உலகில் விளையும் தானியத்தில் பெரும் பகுதி, அவர் காட்டிய வழியில் தயாராகும் உரத்தினால் விளைகிறது. யுத்த களத்தில் விஷப் புகையை அவிழ்த்து விட்டு, மனிதர்களை மூச்சுத் திணற வைத்தவரும் அவரேதான்.

தாய் முகம் அறியாத பிள்ளை

1868-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி பிரெஸ்லா நகரில் ஹாபர் பிறந்தார். அன்று அது ஜெர்மானியர் ஊர். இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. குழந்தை பிறந்த மூன்றாவது வாரத்தில் தாய் இறந்து போனாள். தந்தை சாயச் சரக்கும் மருந்துச் சரக்கும் விற்கும் வியாபாரி. வசதியான யூதக் குடும்பம். மனைவி போன துக்கத்தில் இருந்து தந்தை வெகு காலம் மீளவில்லை. பிள்ளைக்கும் அவருக்கும் கடைசி வரை ஒட்டுதல் இல்லை.

ஹாபர் பெர்லினிலும் ஹைடல்பர்க்கிலும் ரசாயனம் படித்தார். 1891-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். பிறகு தந்தையின் கடையில் வந்து உட்கார்ந்தார்.

1892-ல் ஹாம்பர்க் நகரில் காலரா பரவியது. காலரா வந்த இடத்தில் பிளீச்சிங் பவுடர் தேவைப்படும் அல்லவா? நிறைய வாங்கி வைத்தால் நல்ல லாபம் வரும் என்று மகன் யோசனை சொன்னார். தந்தையும் வாங்கிப் போட்டார். காலரா சட்டென்று அடங்கி விட்டது. சரக்கு தேங்கிப் போனது. வியாபாரம் உனக்கு லாயக்கில்லை, படிப்பையே பார் என்று தந்தை அனுப்பி விட்டார்.

அதே ஆண்டில் ஹாபர் கிறிஸ்தவ மதத்தில் சேர்ந்தார். அக்காலத்தில் யூதராக இருந்தால் ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் பெரிய உத்தியோகம் கிடைப்பது அரிது. அதற்காக மட்டும் மாறினார் என்று சொல்லி விட முடியாது. தம்மை அவர் முதலில் ஜெர்மானியராகவும் கடைசியிலும் ஜெர்மானியராகவுமே நினைத்தார். அந்த எண்ணம்தான் அவரை உயர்த்தியது. பின்னால் அவரைக் குப்புறத் தள்ளியதும் அதுதான்.

1894-ல் கார்ல்ஸ்ரூ நகரத் தொழில் நுட்பக் கல்லூரியில் சாதாரண உதவியாளர் வேலை கிடைத்தது. இரவு பகல் பாராமல் உழைத்தார். பன்னிரண்டு ஆண்டில் அங்கேயே பேராசிரியர் ஆனார்.

படித்த மனைவி

1901-ல் கிளாரா இம்மர்வார் என்ற பெண்ணை மணந்தார். கிளாராவும் பிரெஸ்லாவைச் சேர்ந்தவர். ரசாயனம் படித்தவர். பிரெஸ்லா பல்கலைக்கழகத்தில் ரசாயனத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய முதல் பெண் அவர்தான். பெண்கள் கல்லூரி வாசலை மிதிப்பதே பெரிய காரியமாக இருந்த காலம் அது.

கல்யாணத்துக்குப் பிறகு கிளாராவின் ஆராய்ச்சி அடுப்பங்கரையோடு நின்றது. கணவர் திடீர் திடீரென்று விருந்தாளிகளை அழைத்து வருவார். சமைக்க வேண்டும். 1902-ல் ஹெர்மன் என்ற மகன் பிறந்தான். பலவீனமான குழந்தை. அதைக் கவனிக்க வேண்டும். ஹாபரோ ஆராய்ச்சி சாலையே கதி என்று கிடந்தார். மனைவியின் படிப்பு துருப்பிடிப்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

வெடியுப்புக்கு வந்த பஞ்சம்

அந்த நாளில் ஐரோப்பாவின் வயல்களுக்கு நைட்ரஜன் உரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? கடல் கடந்து, தென் அமெரிக்காவில் இருந்து வந்தது. பெரு நாட்டுத் தீவுகளில் மலை போலக் குவிந்து கிடந்த பறவை எச்சத்தை முதலில் வெட்டி எடுத்தார்கள். அது தீர்ந்து வந்தது. பிறகு சிலி நாட்டுப் பாலைவனத்தில் கிடைத்த வெடியுப்பைக் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள்.

அந்த வெடியுப்பும் ஒரு நாள் தீர்ந்து விடும், பிறகு கோதுமைப் பஞ்சம் வரும் என்று 1898-ல் வில்லியம் குரூக்ஸ் என்ற ஆங்கில விஞ்ஞானி எச்சரித்தார். காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கும் வழியை ரசாயன விஞ்ஞானிகள்தான் காண வேண்டும் என்றும் சொன்னார்.

அது லேசான காரியம் அல்ல. நைட்ரஜன் அணுக்கள் தனித்தனியாக அலைவதில்லை. இரண்டு இரண்டாகச் சேர்ந்தே இருக்கும். இரண்டு பேர் மூன்று கைகளால் ஒருவரை ஒருவர் இறுகப் பிடித்துக் கொண்டிருப்பதாக நினைத்துக் கொள்ளுங்கள். அப்படி ஒரு பிடி. வேறு எந்தப் பொருள் வந்து கூப்பிட்டாலும் பிடியை விடாது. அதனால்தான் காற்றில் இவ்வளவு நைட்ரஜன் இருந்தும் எரிவதில்லை, கரைவதில்லை, பயிருக்கும் உதவுவதில்லை.

அந்தப் பிடியை உடைக்கக் கூடியவை இயற்கையில் இரண்டே. ஒன்று மின்னல். அதன் கொடிய சூட்டில் நைட்ரஜன், பிராண வாயுவோடு சேர்ந்து, மழையில் கரைந்து மண்ணுக்கு வருகிறது. இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். உளுந்து, நிலக்கடலை, கொழிஞ்சி போன்ற செடிகளை வேரோடு பிடுங்கிப் பாருங்கள். வேரில் சிறு சிறு முடிச்சுகள் இருக்கும். அந்த முடிச்சுகளில் குடியிருக்கும் கிருமிகள் காற்று நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. கொழிஞ்சியையும் சணப்பையையும் மடக்கி உழும் விவசாயி இதன் பலனை நன்றாக அறிவார்.

நார்வே நாட்டில் மின்சாரத்தால் செயற்கை மின்னல் உண்டாக்கி உரம் எடுத்துப் பார்த்தார்கள். வந்தது. ஆனால் மின்சாரம் ஆறாகச் செலவானது. அருவிகள் நிறைந்த நார்வேக்குக் கட்டும். மற்ற நாடுகளுக்குக் கட்டாது.

அவமானம் தந்த வேகம்

ஹாபர் வேறு வழியில் போனார். ஒரு பங்கு நைட்ரஜனும் மூன்று பங்கு ஹைட்ரஜனும் சேர்ந்தால் அம்மோனியா வரும். மூக்கைத் துளைக்கும் நவச்சார நெடி இருக்கிறதே, அதுதான் அம்மோனியா. அதில் இருந்து உரம் செய்வது எளிது.

ஆனால் இதில் ஒரு சங்கடம். நைட்ரஜனின் பிடியைத் தளர்த்தக் கடும் சூடு வேண்டும். அந்தச் சூட்டிலே, உண்டான அம்மோனியாவும் உடனே உடைந்து போகும். சூட்டைக் குறைத்தாலோ எதுவுமே நடக்காது. முதலில் ஹாபருக்குக் கிடைத்த அம்மோனியா, பத்தாயிரத்தில் ஒரு பங்கு போல அற்பம். இது தொழிலுக்கு ஆகாது என்று விட்டு விட்டார்.

1907-ல் ஒரு சம்பவம் நடந்தது. நெர்ன்ஸ்ட் என்ற பெரிய விஞ்ஞானி, ஹாபரின் கணக்கு தப்பு, அவ்வளவு அம்மோனியா கூட வராது என்று நிறைந்த சபையில் கூறி விட்டார். ஹாபர் ரோஷக்காரர். அந்த மனக் கஷ்டத்தில் உடம்பே கெட்டுப் போனது. மீண்டும் ஆராய்ச்சி சாலைக்குள் நுழைந்தார்.

இம்முறை அழுத்தத்தைப் பிடித்தார். நாலு பங்கு வாயு சேர்ந்து இரண்டு பங்கு அம்மோனியா ஆகிறது. அதாவது இடம் குறைகிறது. அப்படியானால் வாயுக்களைப் போட்டு நசுக்கினால், அவை அம்மோனியாவாக மாறத்தானே பார்க்கும்? காற்று நம்மை அழுத்துவதைப் போல 200 மடங்கு அழுத்தம் கொடுத்தார். அதைத் தாங்கும் கருவியையும் வால்வுகளையும் ராபர்ட் லெ ராசினோல் என்ற வாலிபர் செய்து கொடுத்தார். இங்கிலீஷ் கால்வாயில் உள்ள ஜெர்சி தீவுக்காரர் அவர். அவருடைய கைத்திறன் இல்லாவிட்டால் ஹாபரின் யோசனை காகிதத்தோடு நின்றிருக்கும். அவர் பெயரை உலகம் மறந்து விட்டது.

வேலையைத் துரிதப்படுத்த ஒரு கிரியா ஊக்கியும் வேண்டும். தான் மாறாமல் மற்றப் பொருள்களைச் சேர்த்து வைக்கும் பொருளுக்கு அப்படிப் பெயர். கல்யாணத் தரகர் என்று வைத்துக் கொள்ளுங்களேன்! பல உலோகங்களைப் பரீட்சித்து, ஆஸ்மியம் என்ற அபூர்வ உலோகத்தை ஹாபர் பிடித்தார்.

1909-ம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி பி.ஏ.எஸ்.எப். என்ற பெரிய சாயக் கம்பெனியில் இருந்து கார்ல் பாஷ், ஆல்வின் மிட்டாஷ் என்ற இரண்டு நிபுணர்கள் பார்க்க வந்தார்கள். வந்த நேரம் பார்த்துக் கருவியில் ஒரு மூட்டு பிய்த்துக் கொண்டது. பழுது பார்க்கப் பல மணி நேரம் ஆயிற்று. பாஷ் ஊருக்குத் திரும்பி விட்டார். மிட்டாஷ் பொறுமையாகக் காத்திருந்தார். கடைசியில், கண்ணாடிக் குழாயில் அம்மோனியா சொட்டுச் சொட்டாக விழுவதை அவர் கண்ணால் பார்த்தார்.

சொட்டு, ஆறாகப் பெருகியது

ஆராய்ச்சி சாலையில் சொட்டியதைத் தொழிற்சாலையில் டன் கணக்கில் எடுக்க வேண்டும். அந்தப் பொறுப்பு கார்ல் பாஷுக்கு வந்தது. ஆஸ்மியம் உலகத்திலேயே கொஞ்சம்தான் கிடைக்கும். மாற்றுப் பொருள் தேடி மிட்டாஷ் ஆயிரக் கணக்கான பரீட்சைகள் செய்தார். கடைசியில் வேறு சில பொருள்கள் கலந்த சாதாரண இரும்பே போதும் என்று தெரிந்தது.

அடுத்த தொல்லை, உலை வெடித்தது. சூட்டிலும் அழுத்தத்திலும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து, அதில் உள்ள கரியைத் தின்று விட்டது. கரி போன எஃகு கண்ணாடி போல நொறுங்கியது. பாஷ் யோசித்தார். உள்ளே மெல்லிய தேனிரும்புக் குழாய், வெளியே கனமான எஃகுக் குழாய் வைத்தார். தேனிரும்பில் தின்பதற்குக் கரி இல்லை. அதைத் தாண்டிக் கசியும் ஹைட்ரஜன் வெளியேறுவதற்காக எஃகில் சிறு சிறு துளைகள் போட்டார். பிரச்னை தீர்ந்தது. 1913 செப்டம்பரில் ஓப்பாவ் என்ற ஊரில் தொழிற்சாலை ஓடத் தொடங்கியது.

இன்று உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 18 கோடி டன் அம்மோனியா இதே வழியில் தயாராகிறது. நம் வயலில் போடும் யூரியா கூட இந்த அம்மோனியாவில் இருந்து வருவதுதான். மனித உடம்புகளில் உள்ள நைட்ரஜனில் ஏறக்குறையப் பாதி, இப்படித் தொழிற்சாலையில் பிடிபட்ட நைட்ரஜன் என்று நிபுணர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

யுத்தம் வந்தது

1911-ல் ஹாபர் பெர்லினுக்குப் போனார். அங்கே பெரிய ஆராய்ச்சிக் கழகத்துக்கு டைரக்டர் ஆனார். வீடு, செல்வம், அரசாங்கத்தில் செல்வாக்கு எல்லாம் வந்தன. ஐன்ஸ்டீன் நெருங்கிய நண்பர் ஆனார்.

1914-ல் மகாயுத்தம் மூண்டது. சிலி நாட்டு வெடியுப்புக் கப்பல்களைப் பிரிட்டிஷ் கடற்படை மறித்து விட்டது. வெடியுப்பு இல்லாமல் வெடி மருந்து இல்லை. ஏன் என்றால், நைட்ரஜனின் குணம் அப்படி. பிரித்து வைத்த நைட்ரஜன் அணுக்கள், மறுபடி ஜோடி சேரவே துடிக்கும். ஒரு பொறி பட்டால் போதும். பழைய பிடிக்குப் பாய்ந்து திரும்பும். அந்த வேகமும் சூடும்தான் வெடி. பயிரை வளர்க்கும் உப்பே பீரங்கியையும் முழங்க வைக்கிறது.

பாஷின் தொழிற்சாலை, அம்மோனியாவை நைட்ரிக் அமிலமாக்கிக் கொடுத்தது. அதில் இருந்து வெடி மருந்து வந்தது. அது இல்லாவிட்டால் ஜெர்மனியின் யுத்தம் சீக்கிரமே முடிந்திருக்கும் என்று கருதுகிறவர்கள் பலர்.

ஹாபர் அதோடு நிற்கவில்லை. எதிரிகள் பதுங்கு குழிகளில் இருக்கிறார்கள். குண்டு எட்டாத அந்தக் குழிக்குள் வாயு இறங்கும் அல்லவா? குளோரின் வாயுவை ஏவலாம் என்று ராணுவத்துக்கு யோசனை சொன்னார். விஷ வாயு நிரப்பிய குண்டுகளை 1899-ம் ஆண்டு ஹேக் ஒப்பந்தம் தடுத்திருந்தது. குண்டில் நிரப்பாமல் உருளைகளில் இருந்து திறந்து விட்டால்? ஒப்பந்தத்தில் அப்படி ஒரு சந்து இருந்தது.

1915 ஏப்ரல் 22. பெல்ஜியத்தில் ஈப்ர் நகருக்கு அருகே ஆறு கிலோ மீட்டர் நீளத்துக்கு ஆயிரக் கணக்கான உருளைகளைப் புதைத்து வைத்திருந்தார்கள். சரியான காற்றுக்காகப் பல நாள் காத்திருந்தார்கள். ஹாபர் நேரிலேயே போய் எல்லா ஏற்பாட்டையும் பார்த்தார். மாலை ஐந்து மணி சுமாருக்கு உருளைகளைத் திறந்தார்கள். மஞ்சளும் பச்சையும் கலந்த புகை, தரையோடு தரையாக நகர்ந்து போனது. எதிரே பிரெஞ்சுப் படை. அதில் அல்ஜீரிய நாட்டுச் சிப்பாய்களும் இருந்தார்கள். புகை குழிக்குள் இறங்கியது. நுரையீரல் வெந்து, நீர் கோத்து, மண்ணில் புரண்டு செத்தார்கள். பிழைத்தவர்கள் ஆயுதங்களைப் போட்டு விட்டு ஓடினார்கள்.

ஹாபருக்குக் கேப்டன் பதவி கிடைத்தது.

தோட்டத்தில் கேட்ட துப்பாக்கிச் சத்தம்

1915 மே 2-ந் தேதி விடியற்காலை. பெர்லின் வீட்டில் கிளாரா, கணவரின் ராணுவக் கைத் துப்பாக்கியை எடுத்துக் கொண்டு தோட்டத்துக்குப் போனார். தம்மைத் தாமே சுட்டுக் கொண்டார். சத்தம் கேட்டு ஓடி வந்தவன் மகன் ஹெர்மன். அவனுக்கு வயது பன்னிரண்டு.

விஷ வாயு வேலையை வெறுத்துத்தான் உயிரை விட்டார் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். பல ஆண்டு மனக் கசப்பே காரணம் என்பவர்களும் உண்டு. சில மாதத்துக்கு முன்பு ஹாபரின் ஆராய்ச்சி சாலையில் ஒரு வெடி விபத்து நடந்தது. கிளாராவின் பழைய நண்பரான ஆட்டோ சாக்கூர் என்ற விஞ்ஞானி அதில் மாண்டார். அந்தத் துயரமும் சேர்ந்திருக்கலாம். கிளாரா கைப்பட எழுதிய கடைசிக் கடிதம் எதுவும் இன்று இல்லை.

ஹாபர் உடனேயே கிழக்குப் போர் முனைக்குப் புறப்பட்டுப் போய் விட்டார். அங்கேயும் விஷ வாயு வேலை காத்திருந்தது. தாயைப் பறிகொடுத்த சிறுவன் வீட்டில் இருந்தான். கடமை என்று அவர் நினைத்திருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளையை எண்ணும்போது மனம் ஆறவில்லை.

பரிசும் பழியும்

1918-ல் ஜெர்மனி தோற்றது. யுத்தக் குற்றவாளி என்று பிடித்து விடுவார்களோ என்று பயந்து, ஹாபர் தாடி வளர்த்துக் கொண்டு சுவிட்சர்லாந்துக்குப் போனார். அப்படிப் பயந்திருந்தவருக்கு, 1919 நவம்பரில் நோபல் பரிசு கிடைத்தது! 1918-ம் ஆண்டுக்கு உரிய ரசாயனப் பரிசு அது. அம்மோனியாவுக்காகக் கொடுத்தார்கள். விஷ வாயு மனிதருக்குப் பரிசா என்று வேறு நாட்டு விஞ்ஞானிகள் கொதித்தார்கள்.

தோற்ற ஜெர்மனி மீது 13,200 கோடி தங்க மார்க் நஷ்ட ஈடு சுமத்தப்பட்டது. நாட்டின் கடனைத் தீர்க்க, கடல் தண்ணீரில் கரைந்துள்ள தங்கத்தை எடுப்பது என்று ஹாபர் கிளம்பினார். ஒரு டன் தண்ணீரில் சில மில்லிகிராம் தங்கம் இருப்பதாகப் பழைய கணக்கு சொல்லிற்று. கப்பலில் போய்ப் பல கடல்களின் நீரைப் பரிசோதித்தார். ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு கூடத் தேறவில்லை. பல வருட உழைப்பு வீண். இதற்குள் இரண்டாவது கல்யாணமும் செய்து, அதுவும் 1927-ல் விவாகரத்தில் முடிந்தது.

தானியக் கிடங்குகளில் பூச்சி கொல்லும் மருந்து ஒன்றும் அவருடைய கழகத்தில் உருவாயிற்று. சைக்ளான் என்று பெயர். அதில் இருந்து பிறகு வந்த சைக்ளான் பி என்ற மருந்தைத்தான், இரண்டாவது மகாயுத்தத்தில் நாஜிகள் லட்சக் கணக்கான யூதர்களைக் கொல்ல உபயோகித்தார்கள். மாண்டவர்களில் ஹாபரின் உறவினர்களும் உண்டு. அதைக் காண அவர் உயிரோடு இல்லை.

கைவிட்ட தாய் நாடு

1933 ஜனவரியில் ஹிட்லர் பதவிக்கு வந்தார். ஏப்ரலில் ஒரு சட்டம் பிறந்தது. அரசாங்க உத்தியோகத்தில் உள்ள யூதர்களை நீக்க வேண்டும். ஹாபர் கிறிஸ்தவராகி நாற்பது ஆண்டு ஆகியிருந்தது. சட்டத்தின் கண்ணுக்கு அவர் யூதர்தான்.

யுத்தத்தில் சேவை செய்தவர்களுக்கு விலக்கு உண்டு. ஆகவே ஹாபர் தம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் தம்மிடம் வேலை பார்க்கும் யூதர்களைத் தாமே வெளியே அனுப்ப வேண்டும். அதற்கு அவர் சம்மதிக்கவில்லை. ஏப்ரல் 30-ந் தேதி ராஜினாமாக் கடிதம் எழுதினார். உத்தியோகத்துக்கு ஆள் எடுக்கும்போது திறமையையும் குணத்தையும் பார்த்தேனே தவிர, பாட்டி யார் என்று பார்த்ததில்லை என்ற கருத்தை அதில் தெரிவித்தார். அவர் வாழ்க்கையிலேயே மிகவும் தலை நிமிர்ந்து நின்ற நாள் அதுதான்.

நாட்டை விட்டு வெளியேறினார். நெஞ்சு வலி வாட்டியது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இடம் கொடுத்தார்கள். யுத்தத்தில் எதிரிகளாக இருந்தவர்கள் ஆதரவு கொடுத்தார்கள். சொந்த நாடு கொடுக்கவில்லை. ஆனால் அங்கும் எல்லோரும் மன்னித்து விடவில்லை. பெரிய விஞ்ஞானி ரூதர்போர்டு அவரோடு கை குலுக்க மறுத்து விட்டார் என்று சொல்வார்கள்.

பாலஸ்தீனத்தில் யூதர்கள் அமைத்து வந்த ஆராய்ச்சி நிலையத்துக்கு வரும்படி வைஸ்மன் என்ற யூதத் தலைவர் அழைத்தார். அவரும் ரசாயன விஞ்ஞானி. ஹாபர் சம்மதித்தார். ஆனால் போய்ச் சேரவில்லை. 1934 ஜனவரி 29-ந் தேதி சுவிட்சர்லாந்தில் பாசல் நகர ஓட்டல் ஒன்றில் மாரடைப்பால் இறந்தார். வயது 65.

மறு ஆண்டு ஜனவரியில், முதியவரான மாக்ஸ் பிளாங்க் பெர்லினில் ஓர் அஞ்சலிக் கூட்டம் கூட்டினார். பேராசிரியர்கள் யாரும் போகக் கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. பலர் தாங்கள் போகாமல் மனைவிமாரை அனுப்பி வைத்தார்கள். மண்டபம் நிறைந்தது. கார்ல் பாஷும் வந்திருந்தார்.

தம் உடலைக் கிளாராவோடு சேர்த்து அடக்கம் செய்ய வேண்டும் என்பது ஹாபரின் கடைசி விருப்பம். பெர்லினில் இருந்த தாயின் அஸ்தியை ஹெர்மன் பாசலுக்குக் கொண்டு வந்து, தந்தையின் அருகில் வைத்தார். ஹோர்ன்லி இடுகாட்டில் இருவருக்கும் ஒரே கல். அதில் இரண்டு பெயர்களும் இருக்கின்றன.